பழைய கிட் காரைப் பழுதுபார்ப்பதும் பராமரிப்பதும்: முழுமையான வழிகாட்டி

தொழிற்சாலையில் தயாரான பழைய கார் பழுதானால் அதற்கென்று ஒரு ஒர்க்‌ஷாப் கையேடு இருக்கும். அதே மாடலில் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடியிருக்கும். ஒன்றுக்கு வந்த கோளாறு மற்றவற்றுக்கும் வந்து, அதைச் சரிசெய்யும் வழியும் தெரிந்திருக்கும். உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே சேர்க்கும் கிட் காருக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. சேஸும் ஃபைபர் பாடியும் ஒரு சிறு நிறுவனத்திடமிருந்து வந்தவை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஸ்டீயரிங் எல்லாம் வேறொரு பழைய காரிலிருந்து கழற்றியவை. அந்தப் பழைய காரைத்தான் டோனர் கார் என்கிறோம். விளக்குகளும் மீட்டர்களும் மூன்றாவது, நான்காவது வண்டிகளுடையவை. இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் தன் வீட்டு ஷெட்டில், ஓய்வு கிடைத்த நேரங்களில், கையில் கிடைத்த போல்ட்டைக் கொண்டு சேர்த்திருப்பார்.

பிரிட்டனில் இந்த வகை வண்டிகள் பெருகியதற்கு வரி ஒரு முக்கியக் காரணம். அப்போது முழுதாக வாங்கும் காருக்குக் கொள்முதல் வரி இருந்தது. உதிரிகளாக வாங்கிச் சேர்த்தால் இல்லை. 1957இல் வந்த லோட்டஸ் செவனைப் பலர் அப்படித்தான் வாங்கினார்கள். 1973இல் மதிப்புக்கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு மாறியது. அமெரிக்காவில் புரூஸ் மேயர்ஸ் 1964இல் உருவாக்கிய மேயர்ஸ் மாங்ஸ், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் உறுப்புகளில் ஓடிய ஃபைபர் பகி (மணலில் ஓட்டும் சிறு திறந்த வண்டி). அதைப் பார்த்து எழுந்த நகல்கள் ஏராளம். ஒரே பெயர் தாங்கிய இரண்டு கிட் கார்களை அருகருகே நிறுத்தினால் பெயர்ப்பலகை ஒன்றாக இருக்கும். வயரிங், பிரேக் குழாய், இருக்கைத் தாங்கி எல்லாம் வெவ்வேறாக இருக்கும்.

இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு வரும் ஆத்திரத்தின் வேர் இதில்தான் இருக்கிறது. ஃபோர்டு எஞ்சின் நல்ல எஞ்சின். டிரையம்ப் முன் சஸ்பென்ஷனும் நல்லதே. ஒன்றுக்காக ஒன்று வடிவமைக்கப்படாத இவை சந்திக்கும் இடத்தில்தான் கோளாறு குடியிருக்கிறது. ஆகவே எந்தப் பழுதைத் தேடும்போதும் முதலில் இணைப்பைப் பாருங்கள்: தாங்கித் தகடு, அடாப்டர், எர்த் வயர், வளைந்து செல்லும் ஹோஸ், ஒட்டுப்போட்ட ஸ்டீயரிங் ஷாஃப்ட். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு எண்ணத்தை ஒட்டியே வரிசைப்படுத்தப்பட்டவை.

படி 1: வண்டிக்கு ஒரு நோட்டு

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு தடித்த நோட்டை எடுங்கள். இந்தக் காருக்குக் கையேடு இல்லை என்றால் நீங்கள்தான் அதை எழுத வேண்டும். முந்தைய உரிமையாளரோ, முடிந்தால் வண்டியைச் சேர்த்தவரோ தொடர்பில் கிடைத்தால் அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பில்கள் இருந்தால் ஒன்றையும் எறியாதீர்கள். மங்கிப்போன ஒரு பில்லில் இருக்கும் வாட்டர் பம்ப் எண், பின்னாளில் வாரக்கணக்கான தேடலை மிச்சப்படுத்தும்.

எஞ்சின் எண், கியர்பாக்ஸ் உறையில் வார்க்கப்பட்ட எண், டிஃபரென்ஷியல் உறையின் குறி, பிரேக் காலிப்பரின் மேல் உள்ள எண் என ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எந்த வண்டியுடையது என்று எழுதுங்கள். வீல் போல்ட் வட்டத்தை அளந்தாலே பாதித் துப்பு கிடைத்துவிடும். பல பழைய ஃபோர்டுகளில் 4 போல்ட், 108 மி.மீ. வட்டம். பீட்டிலில் தொடக்கத்தில் 5 போல்ட், 205 மி.மீ.; பிந்தைய வண்டிகளில் 4 போல்ட், 130 மி.மீ. முன்பக்க ஹப் ஒரு குடும்பம், பின்பக்கம் வேறு குடும்பம் என்று இருந்தால் வியக்க வேண்டாம். ஸ்டெப்னி எந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் என்பதை மட்டும் உடனே சோதித்து எழுதிவிடுங்கள்.

கடையில் போய் "என்ன வண்டி?" என்ற கேள்விக்குக் கிட் காரின் பெயரைச் சொன்னால் பதில் கிடைக்காது. "1600 சி.சி. ஃபோர்டு கென்ட் எஞ்சினுக்கு வாட்டர் பம்ப்" என்றால் கிடைக்கும். கிட் காரின் பெயரில் எதையும் தேடாதீர்கள். உறுப்பின் பிறப்பிடத்தைச் சொல்லித் தேடுங்கள். இதற்காகவே அந்த நோட்டு.

மரை அளவுகளுக்கு ஒரு தனிப் பக்கம் வேண்டும். பழைய பிரிட்டிஷ் உறுப்புகளில் இன்ச் மரை. பிந்தைய ஃபோர்டு, ஃபோக்ஸ்வாகன் உறுப்புகளில் மெட்ரிக் மரை. கிட் காரில் இரண்டும் ஒரே தாங்கித் தகட்டில் சந்திக்கும். மரை அளவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையால் மூன்று சுற்று சுலபமாக ஏறாத போல்ட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள்.

படி 2: முதலில் நிற்க வேண்டும்

எஞ்சின் ஓடவில்லை என்றால் வண்டி ஷெட்டில் கிடக்கும். அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. பிரேக் அப்படியல்ல. வண்டி வந்த நாளிலிருந்து முதல் செலவும் முதல் உழைப்பும் இங்கேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேற்சொன்ன மரைச் சிக்கல் உயிருக்கே உலைவைக்கும் இடம் இதுதான். பிரேக் குழாய் முனைகளில் இரண்டு அளவுகள் பரவலாக உண்டு: 3/8 இன்ச் யு.என்.எஃப்., அதாவது இன்ச்சுக்கு 24 மரை. இன்னொன்று 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி கொண்ட மெட்ரிக். 3/8 இன்ச் என்பது 9.525 மி.மீ.தான். அதனால் இன்ச் நட்டு மெட்ரிக் துளைக்குள் சற்றுத் தளர்வாக ஏறிவிடும். இறுக்கினால் இறுகியது போலவும் தோன்றும். பெடலை முழு பலத்தோடு மிதிக்கும் நாளில் மரை உருவிக்கொண்டு வரும். டோனர் காரின் காலிப்பரும் வேறொரு வண்டியின் மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்த இடத்தில் இது நிகழ வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முனையையும் கழற்றி, அளவியால் பார்த்து, குழாய் முனையின் விரிப்பு வடிவம் உள்ளே அது அமரும் இடத்தோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஒற்றை விரிப்பு, இரட்டை விரிப்பு இரண்டையும் மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

பெடல் எப்போதும் பஞ்சு போல இருக்கிறதா? எத்தனை முறை காற்று எடுத்தாலும் சரியாகவில்லையா? காலிப்பரின் பிளீட் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது உச்சியில் இருந்தால்தான் காற்று வெளியேறும். இடத்துக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காக இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டியிருப்பார்கள். அப்போது நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கும். காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் தடிமனுள்ள ஒரு கட்டையைச் செருகி, நிப்பிள் மேலே வரும்படி பிடித்துக்கொண்டு காற்றை எடுக்கலாம். அது அன்றைக்குப் பயன்படும். நிலையான தீர்வு, சரியான பக்கத்துக் காலிப்பரைச் சரியான தகட்டில் மாட்டுவதே.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் தரவரையறைப்படி 155 டிகிரி வரை இறங்கலாம். வருடத்தில் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கும் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5 ஏற்கெனவே ஊற்றப்பட்டிருந்தால் அதோடு டாட் 4 கலக்கவே கூடாது. ரப்பர் ஹோஸ்களை ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். டயரிலோ சஸ்பென்ஷனிலோ உரசினால் வழியை மாற்றுங்கள்.

படி 3: வயரிங்

கிட் கார் வைத்திருப்பவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். அதனால் இதற்கு நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இரும்பு பாடி உள்ள காரில் பாடியே எர்த். விளக்கை எங்கே மாட்டினாலும் அதன் உறை வழியாக மின்சாரம் திரும்பிவிடும். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹார்னுக்கும், மோட்டாருக்கும் சேஸுக்கோ பேட்டரிக்கோ தனியாக எர்த் வயர் வேண்டும். சேர்த்தவர் பல வயர்களை ஒரே போல்ட்டில் கட்டியிருப்பார். அந்த போல்ட் பெயின்ட் அடித்த சேஸின் மேல் இருக்கும். அடியில் துரு ஏறியிருக்கும். அதன் விளைவுகள் விசித்திரமாகத் தோன்றும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு சேர்ந்து மினுக்கும். பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கு மங்கும். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும். எர்த் கிடைக்காத மின்சாரம் வேறொரு பல்பின் வழியாகத் திரும்பிச் செல்ல வழி தேடுவதன் அடையாளங்கள் இவை. இப்படி ஒரு சுற்றை இயக்கும்போது இன்னொன்று அசைந்தால், பல்பையும் ஸ்விட்சையும் மாற்றிப் பணத்தை வீணாக்காமல் நேராக எர்த்துக்குப் போங்கள்.

சோதனை எளிது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில். ஒருவரை ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள எர்த் பட்டை மோசம். பின்விளக்குக்கும் இதே முறை: விளக்கை எரியவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. ஓம் அளவையை மட்டும் நம்ப வேண்டாம். பத்து இழைகளில் ஒன்பது அறுந்த வயரும் ஓம் மீட்டரில் நன்றாகவே காட்டும். சுமை ஏறும்போதுதான் அதன் குறை வெளிப்படும்.

எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள். எர்த் பட்டை இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் முழுவதும் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியாகப் பாயும். கேபிள் அடிக்கடி இறுகிப்போகிறது, உறை உருகியிருக்கிறது என்றால் அந்தக் கேபிளை மாற்றி மாற்றிப் பயனில்லை. பட்டையைப் போடுங்கள்.

இனி வரைபடம். டோனர் காரின் வயரிங் வரைபடம் கையில் கிடைத்தாலும், கிட்டில் பாதி வயர் வெட்டப்பட்டிருக்கும், மீதி நிறம் மாறியிருக்கும். வண்டியை ஆறு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சார்ஜிங், ஸ்டார்ட்டிங், இக்னிஷன், முன்விளக்கு, பின்விளக்கு, மீட்டர்கள். ஒரு நாளில் ஒரு பகுதி மட்டும். வயரின் இரு முனையிலும் எண் ஒட்டி, நோட்டில் வரையுங்கள். வரைந்து முடிக்கும் முன் எதையும் வெட்ட வேண்டாம். "இந்த வயர் எங்கும் போகவில்லை" என்று தோன்றும் வயர்தான் சார்ஜ் எச்சரிக்கை விளக்கின் வயராக இருக்கும். பல ஆல்டர்னேட்டர்கள் அது இல்லாமல் சார்ஜ் செய்யத் தொடங்காது.

வயரைத் தோலுரிக்காமல் கடித்துப் பிடிக்கும் நீலநிற, சிவப்புநிற பிளாஸ்டிக் கவ்விகள் கண்ணில் பட்டால் ஒவ்வொன்றையும் நீக்கிவிடுங்கள். அவை இழைகளை அறுக்கும், ஈரம் உள்ளே போக வழி விடும். நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்திய முனை, மேலே சூட்டில் சுருங்கும் குழாய், அதிர்வு படாதபடி கிளிப், இவையே போதும். ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் போடுங்கள். 55 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பல்பின் மின்சாரமும் பழைய ஸ்விட்ச் வழியாகப் போனால் ஸ்விட்ச் சூடாகும், வெளிச்சம் மஞ்சளாகும். பேட்டரியிலிருந்து வரும் முதன்மை வயரில் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் வயர் மட்டும் விலக்கு. ஃபைபரும் பெட்ரோலும் சேர்ந்த வண்டியில் தீ பிடித்தால் அணைக்க நேரம் கிடைக்காது.

சில நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறதா? முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வேண்டும். இவை சரியென்றால், சாவியை அணைத்து, பேட்டரி வயரை எடுத்து நடுவே ஆம்பியர் மீட்டரை வையுங்கள். மின்னணுப் பெட்டி எதுவும் இல்லாத பழைய வண்டியில் ஓட்டம் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்தச் சுற்றில் கோளாறு.

மீட்டர் பொய் சொல்வதற்கும் இணைப்பே காரணம். பெட்ரோல் டேங்க் நிரம்பியிருக்கும்போது முள் காலி என்று காட்டினால், டேங்கில் இருந்து அளவை அனுப்பும் சென்டரும் டேஷ்போர்டு மீட்டரும் வெவ்வேறு மரபைச் சேர்ந்தவை. அமெரிக்க வகை சென்டர்கள் பல, காலியில் 240 ஓம், நிரம்பினால் 33 ஓம். ஐரோப்பிய வகை பல, காலியில் 10, நிரம்பினால் 180. ஒன்றை மாற்றி மற்றதற்கு இணையாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

படி 4: சூடு

டோனர் காரின் எஞ்சின் அதன் சொந்த வண்டியில் கொதித்திருக்காது. கிட் காரில் கொதிக்கிறது என்றால் மூக்கின் வடிவம்தான் காரணமாக இருக்கும். தாழ்ந்த மூக்குக்குள் ரேடியேட்டரை அடக்க, அது எஞ்சினைவிடக் கீழே போய்விடுகிறது. காற்றுக்குமிழ் எப்போதும் மிக உயரமான இடத்தைத் தேடும்; அது சிலிண்டர் ஹெட்டாக இருந்தால் ஹெட் வேகும். தண்ணீர் ஊற்றும் டேங்க் இந்தச் சுற்றிலேயே உயரமான புள்ளியாக இருக்க வேண்டும், ஹெட்டிலிருந்தும் ரேடியேட்டர் உச்சியிலிருந்தும் மெல்லிய குழாய்கள் அதற்கு வர வேண்டும். இப்படி மாற்றியமைத்தபின் பல வண்டிகளில் சூட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும். கூலன்ட் நிரப்பும்போது முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டர் குழாயைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள்.

அடுத்தது காற்றின் வழி. மூக்குத் துளையில் நுழையும் காற்று ரேடியேட்டருக்குள் போவதைவிடச் சுற்றிப் போவது சுலபமென்றால் சுற்றித்தான் போகும். மூக்கிலிருந்து ரேடியேட்டர் விளிம்புவரை அலுமினியத் தகட்டாலோ தடித்த ஃபோமாலோ நான்கு பக்கமும் அடையுங்கள். உள்ளே வந்த காற்று வெளியேற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய ரேடியேட்டர், பெரிய ஃபேன் வாங்குவதெல்லாம் இதற்கு அப்புறம்தான். வேகத்தில் போகும்போது கொதித்தால் காற்று வழியையும், நின்றிருக்கும்போது கொதித்தால் ஃபேனையும் அதன் ஸ்விட்சையும் சந்தேகப்படுங்கள்.

பீட்டில் எஞ்சின் காற்றால் குளிர்வது. மூடிய பாடிக்குள் அது இருந்தால், எஞ்சினைச் சுற்றிய தகரமும் ஓர ரப்பரும் முழுதாக இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் கீழே போன சூட்டுக் காற்றையே ஃபேன் மறுபடி உறிஞ்சும்.

படி 5: பெட்ரோல்

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களை உள்ளிருந்து கரைக்கும். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸின் உள்சுவர் உதிர்ந்து கார்புரெட்டர் ஜெட்டை அடைக்கும். எல்லா ஹோஸையும் ஒரே நேரத்தில் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றி, மாற்றிய தேதியை நோட்டில் எழுதுங்கள். கார்புரெட்டர் எஞ்சினுக்கு இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் மாட்டியிருந்தால் உடனே கழற்றுங்கள். பல கார்புரெட்டர்களுக்கு 2.5 முதல் 3.5 பி.எஸ்.ஐ. அழுத்தமே போதும், இன்ஜெக்‌ஷன் பம்ப் தருவது அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். ஓடிக்கொண்டே இருந்து அரைமணியில் நின்று, சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகும் வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால் டேங்கின் சுவாசக் குழாய் அடைத்திருக்கிறது. புகைபோக்கி அருகே ஹோஸ் போனால் விலக்கிக் கட்டுங்கள்.

படி 6: சேஸ்

பெரும்பாலான கிட்கள் சதுரக் குழாய்களை வெல்ட் செய்த சேஸில் நிற்கின்றன. இவை உள்ளிருந்து துருப்பிடிக்கும். மேலே பவுடர் கோட்டிங் பளபளக்கும். அடியில் தகடு காகிதமாகியிருக்கும். சிறு சுத்தியலால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், கெட்டது மந்தமாக ஒலிக்கும். கோட்டிங் உப்பிய இடத்தைச் சுரண்டிப் பார்க்கத் தயங்காதீர்கள். முக்கியமான இடங்கள் நான்கு: சஸ்பென்ஷன் தகடுகள் சேரும் முனை, சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், ஸ்டீயரிங் ராக் (சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டம்) தாங்கி, அலுமினியத் தகடு ரிவிட் அடித்த விளிம்பு. அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். தகட்டை மறுபடி அடிக்கும்போது நடுவே அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவுங்கள்.

வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். ஃபைபர் எரியும்; எரிந்தால் கரும்புகை நச்சாகச் சூழும். முடிந்தால் பாடியைத் தூக்கிவிட்டுச் செய்வதே நல்லது. வேலை முடிந்ததும் குழாய்க்குள் மெழுகு ஸ்ப்ரே செலுத்தி, துளையை ரப்பர் மூடியால் அடையுங்கள். சேஸில் விரிசல் ஒன்று திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்தால் மேலும் தடித்த வெல்ட் போட்டுத் தீராது. அங்கே விசை ஏன் குவிகிறது என்று தேட வேண்டும்.

படி 7: சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், டயர்

டிரையம்ப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வகை முன் அச்சு உங்கள் வண்டியில் இருந்தால், கீழே உள்ள டிரன்னியனைத் தேடிப் பாருங்கள். பித்தளை நிற உலோகக் கட்டைக்குள் மரை கொண்ட இரும்புத் தண்டு திரும்பும் இடம் அது. இதற்குக் கிரீஸ் வேண்டாம், ஈபி 90 கியர் ஆயில் செலுத்த வேண்டும். கிரீஸ் காய்ந்து ஆயில் போக வழியில்லாமல் அடைக்கும், தண்ணீர் தங்கும், தண்டு துருவேறி ஒடியும். ஒடிந்தால் சக்கரம் மடங்கிவிடும். லோட்டஸ் செவன் உள்படப் பல இலகுரக வண்டிகளில் இந்த அச்சு பயன்பட்டது. முன்பக்கத்தில் இது இருக்கிறது என்று தெரிந்தால் வேறு வேலைகளைத் தள்ளிவைத்து இதை முடியுங்கள்.

ரப்பர் ஒட்டிய புஷ்களின் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது என்ற குறைக்கும் சிலவேளை இதுவே காரணம்.

பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பினால் ராக் இருக்கும் உயரம் பொருந்தவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, டயரின் முன்விளிம்பும் பின்விளிம்பும் எவ்வளவு விலகுகின்றன என்று அளந்தால் புரியும். ராக்கைச் சில மி.மீ. ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் முடிந்தபின் அது வேறு வண்டியாகிவிடும். ஸ்டீயரிங் ஷாஃப்டின் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் போல்ட் வரிப்பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

டயர் பூ நன்றாகத் தெரிந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியின் கடைசி நான்கு எண்கள் வாரமும் வருடமும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன் கெட்டியாகிவிடும். ஈரத்தில் பிடிப்பு இருக்காது. அலாய் வீலுக்கு மாற்றியிருந்தால் வீல் நட்டின் அடிப்பகுதி, துளையின் சாய்வோடு பொருந்துகிறதா என்று பார்த்து, முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

படி 8: ஃபைபர் பாடி

மேற்பூச்சில் நட்சத்திரம் போலக் கிளைக்கும் விரிசல்களைப் பெயின்டால் மறைத்தால் சில மாதத்தில் திரும்பி வரும். அடியில் ஏதோ ஒன்று அழுத்துகிறது: அதிகம் இறுக்கிய போல்ட், தாங்கியில்லாத பானட், சேஸோடு இடிக்கும் மூலை. முதலில் அதைச் சரிசெய்து, பெரிய வாஷரும் ரப்பரும் போடுங்கள். பிறகு விரிசலை நல்ல அடுக்கு தெரியும்வரை அரைத்து, விளிம்பைச் சரிவாக்கி, பின்பக்கத்திலிருந்து கண்ணாடி இழைப் பாயைப் பாலியெஸ்டர் ரெசினில் ஒட்டுங்கள். பாயின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின், அதற்கு 1 முதல் 2 சதவீதம் கடினமாக்கி. வெயில் அதிகமென்றால் கடினமாக்கியைக் குறையுங்கள். குளிரிலும் ஈரத்திலும் இந்த வேலை வேண்டாம். எபாக்ஸி பூசிய பரப்பில் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது.

கடினமாக்கி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் திறக்காதீர்கள். அதையும், ரெசினைச் சீக்கிரம் இறுகச் செய்யும் கோபால்ட் வேகமூட்டியையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். அரைக்கும்போது பறக்கும் தூளுக்கு முகக்கவசம் கட்டாயம்.

கதவு தொங்கினால் கீலை மட்டும் பார்க்காமல் கீல் பதிந்த இடத்தில் உள்ள இரும்புத் தகட்டைப் பாருங்கள். ஃபைபருக்குள் புதைந்த தகடு துருப்பிடித்து உப்பி, சுற்றியுள்ள அடுக்கைப் பிளந்திருக்கும். அந்தப் பகுதியைத் திறந்து துருப்பிடிக்காத தகடு வைத்து மறுபடி அடுக்குவதே தீர்வு.

வேலையின் ஒழுங்கு

இத்தனையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் வண்டி வருடக்கணக்கில் துண்டுதுண்டாகக் கிடக்கும். பாதியில் விற்கப்படும் கிட் கார்களில் பல இப்படித்தான் கைமாறுகின்றன. ஒரு வேலை முடிந்து, வண்டி ஓடி, அது சரியென்று உறுதியான பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கார்புரெட்டரையும் இக்னிஷனையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரியானது, எது கெட்டது என்று தெரியாமல் தவிப்பீர்கள். கழற்றிய போல்ட்டைப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். துருவேறிய போல்ட்டுக்கு முந்தைய இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். அது உடைந்தால் அன்றைய திட்டம் மாறும் என்று முன்பே ஏற்றுக்கொண்டு, அவசரமில்லாத நாளில் தொடங்குங்கள்.

சோர்வு வரும். ஒரு வாட்டர் பம்ப் மாற்ற உட்கார்ந்து, அதற்குத் தடையாக இருந்த தாங்கியை வெட்டி, தாங்கியின் அடியில் சேஸ் விரிசலைக் கண்டு நிற்கும்போது யாருக்கும் வெறுத்துப் போகும். அந்த நேரத்தில் ஸ்பேனரை வைத்துவிட்டு, கண்டதை நோட்டில் எழுதிவிட்டு எழுந்துவிடுங்கள். களைப்பில் இறுக்கும் போல்ட்டும் கோபத்தில் வெட்டும் வயரும் அடுத்த பழுதுக்கு விதை.

ஆண்டுக்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், எத்தனை குறைவாக ஓடியிருந்தாலும் மாற்ற வேண்டும். கூலன்ட், பிரேக் ஆயில் இரண்டும் 2 ஆண்டுக்கு ஒருமுறை. கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயில் அளவு, எர்த் முனைகள், டிரன்னியன், வீல் பேரிங் தளர்வு, சீட் பெல்ட் போல்ட் ஆகியவற்றை ஆண்டுதோறும் பாருங்கள். நீண்டநாள் நிறுத்துவதென்றால் டேங்கில் பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள், ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், கிளட்ச் பெடலை அவ்வப்போது மிதித்துவிடுங்கள். நெடுநாள் அசையாத கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும்.

பெரிய வேலை எதை முடித்தாலும் முதல் ஓட்டம் குறுகியதாக, காலியான சாலையில், கருவிப் பெட்டியோடும் தீயணைப்பானோடும் இருக்கட்டும். முதலில் நடக்கும் வேகத்தில் பிரேக், பிறகு சற்று வேகத்தில், அதன்பின் ஸ்டீயரிங் முழுதும் இருபக்கம். திரும்பி வந்ததும் பானட்டைத் திறந்து எங்கே கசிகிறது, எங்கே உரசிய தடம் இருக்கிறது, எந்த வயர் சூடாக இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மறுநாள் காலை, எஞ்சின் முழுதாகக் குளிர்ந்தபின், கூலன்ட் அளவையும் பிரேக் ஆயில் அளவையும் மறுபடி பார்த்து, தொட்ட ஒவ்வொரு நட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துச் சோதித்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்புங்கள்.